இடது காலடி மண்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கோயில் பிரகாரத்தில் உட்கார்ந்தால் இப்போதெல்லாம் சர்க்கரை, முழங்கால் வலி, மாத்திரை என்றுதான் பேச்சு ஓடுகிறது. போன வெள்ளிக்கிழமை அப்படி உட்கார்ந்திருந்தபோது ஒருத்தி, "சின்ன வயசுல காய்ச்சல் வந்தா எவ்ளோ ஜாலி, இல்ல?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பன், பால், பள்ளிக்கூடத்துக்கு லீவு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்குச் சின்ன வயதில் ஜலதோஷத்துக்கு மேல் ஒன்றும் வந்ததில்லை. அதுதான் என் குறை. எங்கள் வீட்டில் பேர் சொல்லும்படி ஒரு காய்ச்சல் வந்தது. அதுவும் என் தம்பிக்கு வந்தது.

அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எட்டாவதோடு நின்றவள் எழுதுவது முன்னே பின்னே இருக்கும். நீங்களே நிரவிப் படித்துக்கொள்ளுங்கள்.

சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில், சவுக்குத் தோப்பை ஒட்டி எங்கள் வீடு. ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் சித்தப்பாவும் சித்தியும். எங்கள் நைனா சவுக்குக் கட்டை லாரி ஓட்டினார். போனால் வர நாளாகும். சித்தப்பா கல்பாக்கத்தில் ஸ்டாஃப் பஸ் ஓட்டினார். சித்தி அங்கே குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். சித்திக்குக் கல்யாணமாகி வருஷங்கள் ஆகியும் குழந்தை இல்லை.

தம்பி பிறக்கும்வரை சித்தி எனக்குத்தான் சொந்தம். தலை பின்னுவது அவள். கனகாம்பரம் தொடுத்து வைப்பது அவள். குவார்ட்டர்ஸ் வீட்டிலிருந்து அவள் கொண்டுவரும் காகிதம் உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா? பாய் மாதிரி மடிப்பு மடிப்பாக நீளும். இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை இருக்கும். ஒரு பக்கம் ஏதோ எண்ணாக அச்சடித்திருக்கும், மறுபக்கம் வெள்ளை. அந்த வெள்ளைப் பக்கம் முழுக்க நான் மயில் வரைவேன். ஓட்டை போட்ட ஓரத்தைக் கிழித்து எனக்கு வளையல் செய்து போடுவாள் சித்தி. இப்போது அந்தக் காகிதத்தைத் தேடினாலும் கிடைக்காது.

தம்பி வந்தான். காகிதமெல்லாம் அவனுக்குக் கப்பலாகப் போயிற்று. என் தலை காலையில் அவசரத்தில் இழுத்துக் கட்டிய ஒற்றைச் சடையாயிற்று. சித்தி வேலையிலிருந்து வந்ததும் கால் கழுவிவிட்டு நேரே தூளியண்டைதான் போவாள்.

இதில் என்னைவிட அதிகமாக வெந்தவள் ஒருத்தி உண்டு என்று எனக்கு அப்போது தெரியாது. அவன் வாயிலிருந்து முதலில் வந்த சொல் "அம்மா" இல்லை. "தித்தி" என்றான். வீடே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். பிறகு பாத்திரம் தேய்க்கும்போது, "பெத்தவ நானு, தித்தியாம் தித்தி" என்று சட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சட்டி அன்றைக்குப் பட்ட பாடு!

அவனுக்கு இரண்டு வயது முடியும் நேரம், ஆடி மாதத்தில் காய்ச்சல் கண்டது. எல்லையம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. தெருவில் வேப்பிலையும் மஞ்சளுமாக வாசனை. எங்கள் வீட்டிலோ வேறு வாசனை. ரொட்டிக்கடை பன், பாலில் ஊறிய ரஸ்க், உரித்த சாத்துக்குடி. எல்லாம் அவன் தலைமாட்டில். அவனோ ஒன்றையும் தொடவில்லை. தொடாத பன்னுக்கு நான் காவல்.

"அது தம்பிக்கு. கை வெச்சேன்னா பாரு" என்பாள் அம்மா.

"அவன்தான் துன்னலியே."

"துன்னாட்டி என்ன? அவனுக்குன்னு வாங்கினது."

இது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் கம்பளி. நைனா லாரியில் வைத்திருக்கும் சாம்பல் நிறக் கம்பளி ஒன்று இருந்தது. டீசலும் சவுக்குப் பட்டையும் சேர்ந்த வாசனை அதில் இருக்கும். நைனா வீட்டில் இல்லாத நாளில் அதை முகர்ந்தாலே அவர் வந்த மாதிரி இருக்கும். நான் அதைத் தொட்டால், "அழுக்காக்காதே" என்று அதட்டுவார்கள். அதை அந்த முறை வீட்டில் விட்டுப் போயிருந்தார். அம்மா அதை எடுத்துத் தம்பியைத் தலை முதல் கால் வரை சுற்றிவிட்டாள். மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. அந்த மூக்கைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிந்தது.

பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருபவள் ஒரு வழி சொன்னாள். வெங்காயத்தை வெட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றால் காய்ச்சல் வந்துவிடுமாம். நான் பெரிய வெங்காயத்தை இரண்டாக வெட்டி, பக்கத்துக்கொன்றாக இடுக்கிக்கொண்டு, சவுக்குத் தோப்புக்கு வெளியே மணலில் நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. எரிச்சல் வந்தது, காய்ச்சல் வரவில்லை. கையை விரிக்காமல் கோழி மாதிரி வீட்டுக்கு வந்து, சித்தி முன்னால் போய் நின்று, "எனக்கு உடம்பு சுடுது" என்றேன்.

சித்தி நெற்றியைத் தொட்டாள். மூக்கைச் சுருக்கினாள். கையைப் பிடித்துத் தூக்கினாள். வெங்காயம் பொத்தென்று விழுந்தது.

"இன்னாடி இது? உள்ள குருமா வெச்சிகினு கீறியா? உருளைக்கிழங்கு எங்க?"

அவள் சிரித்த சிரிப்பில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குள் உள்ளே தம்பி முனகினான். என் கையை விட்டுவிட்டு ஓடினாள். கீழே கிடந்த வெங்காயத்தை நானே பொறுக்கினேன்.

காய்ச்சல் இறங்குவதாக இல்லை. கடைத்தெருவில் மருந்து கொடுப்பவரிடம் வாங்கிய மாத்திரையைக் கரைத்து ஊற்றினால் கொஞ்சம் விடும், மறுபடி ஏறும். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள் சித்தி. "ஆடி மாசம். அம்மா வந்திருந்தா? ஊசி போட்டா உள்ள அடைச்சிக்கும்" என்று அம்மா பயந்தாள். அம்மை என்றால் எங்கள் பக்கம் அம்மன் வந்திருக்கிறாள் என்றுதான் அர்த்தம். அவன் முதுகையும் வயிற்றையும் விளக்குப் பிடித்துப் பார்த்தாள். ஒரு முத்தும் இல்லை. ஆனாலும் பயம் போகவில்லை. காற்று படக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தி, கதவை ஒருக்களித்து வைத்தாள்.

"அக்கா, போத்தாதீங்க. உள்ள சூடு அடங்காது. துணிய அவுத்துட்டு ஈரத்துணியால ஒடம்பு பூரா தொடைக்கணும். தண்ணி குடுத்துகினே இருக்கணும். குவார்ட்டர்ஸ்ல அந்தப் பாப்பாவுக்கு வந்தப்போ அந்தம்மா அப்படித்தான் செஞ்சாங்க, நான் கூடவே இருந்தேன்" என்றாள் சித்தி.

அம்மா திரும்பிப் பார்க்காமல் கம்பளியை இன்னும் இழுத்துச் செருகினாள்.

"சளி புடிச்சா யாரு பாக்கறது? பெத்து வளத்திருந்தா உனக்குத் தெரியும்."

சித்தி கையில் நனைத்த துணி இருந்தது. அது சொட்டிக்கொண்டே இருந்தது. அவள் அதைக் கொடியில் போட்டுவிட்டு வெளியே போனாள். எனக்குள் ஒரு சந்தோஷம் வந்ததை மறைப்பானேன். இனி இவள் இவன் பக்கம் வரமாட்டாள், எனக்குத் தலை பின்ன நேரம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். தம்பியின் முகம் செக்கச்செவேலென்று இருந்தது. கண் திறக்கவில்லை.

"இன்னாம்மா இது, புள்ள நெருப்பா கீது! இது சும்மா ஜொரம் இல்ல. கண்ணு." குரலைத் தாழ்த்தினாள். "வயித்துல ஒண்ணும் இல்லாதவ ராவும் பகலும் பாத்துகினு கீறா. அவ கெட்டவன்னு நான் சொல்லல. ஆசையா பாத்தாலும் கண்ணு கண்ணுதான். அவ காலடி மண்ண எடுத்துச் சுத்திப் போடு."

உங்களுக்குத் தெரியும், புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். யார் கண் பட்டதென்று சந்தேகமோ அவர் மிதித்த மண்ணை, அவருக்குத் தெரியாமல் எடுக்க வேண்டும். அதோடு உப்பும் காய்ந்த மிளகாயும் சேர்த்துக் குழந்தையைச் சுற்றி நெருப்பில் போடுவார்கள். மிளகாய் நெடி வந்தால் கண் இல்லை. நெடி வராவிட்டால் கண் பட்டது உண்மை, அது அங்கேயே எரிந்து போயிற்று என்று கணக்கு.

அம்மா என்னைப் பார்த்தாள். "உன் சித்தி வேலைக்குப் போவும். பின்னாலேயே போய் ஒரு பிடி எடுத்துகினு வா. அவளுக்குத் தெரியக்கூடாது."

எங்கள் வீட்டிலிருந்து தார் ரோடுவரை மணல் பாதை. செருப்பு போட்டு நடந்தால் மணலை வாரிப் புடவையில் அடிக்கும். அதனால் சித்தி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறும் காலோடு நடப்பாள். அவள் தடம் எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டாவது விரலுக்குக் கீழே மெட்டி அழுந்தி ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே போய்க் குனிந்து ஒரு பிடி அள்ளினேன். நிமிர்ந்தால் சித்தி திரும்பி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"இன்னாடி பண்ற?"

"ஒண்ணும் இல்ல."

"கையக் காட்டு."

காட்ட வேண்டிய அவசியமே இல்லை. உலர்ந்த மணல் விரலிடுக்கு வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் அது எதற்கென்று தெரியாத பெண் பிள்ளை கிடையாது. சித்தியின் முகம் சுவர் மாதிரி ஆயிற்று.

"அக்கா சொல்லிச்சா?"

தலையாட்டினேன்.

ரோட்டுப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி வந்தாள்.

"அது வலது கால்டி. பொம்பளைக்கு இடது கால் மண்ணுதான் எடுக்கணும். அதுகூடத் தெரியாம அனுப்பிச்சிருக்கு பாரு." கைபம்புக்குப் பக்கத்தில் ஈரம் கசிந்த இடமாகப் பார்த்து இடது காலை வைத்து நன்றாக அழுத்தினாள். எடுத்தாள். ஐந்து விரலும் மெட்டிப் பள்ளமும் அச்சு மாதிரி விழுந்திருந்தன. "இந்தா, கெட்டியா எடு. காத்துல போற மண்ண எடுத்துகினு போனா அக்கா உன்னத்தான் அடிக்கும்."

"உனக்குக் கோவம் இல்லியா சித்தி?"

"புள்ள எழுந்து குந்தினா போதும். என் கண்ணா இருந்தா எரிஞ்சி போவட்டும்."

அந்த மண்ணை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்தேன். நீங்கள் நினைப்பது போல எனக்குச் சித்தி மேல் இரக்கம் வரவில்லை. வந்ததெல்லாம் பொறாமை. அவனுக்காகத் தன் காலை மண்ணில் அழுத்திக் கொடுக்கிறாளே, எனக்காக இப்படி யார் கொடுப்பார்கள் என்றுதான் ஓடியது. திரும்பிப் பார்த்தேன். சித்தி ரோட்டுக்குப் போகவில்லை. சவுக்கு நிழலில் எங்கள் வீட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே அம்மா இரும்புச் சட்டியில் தணலை எடுத்து அறைக்குள்ளேயே வைத்திருந்தாள். வாசலில் செய்ய வேண்டியது. பிள்ளையைக் காற்றுக்குக் கொண்டுவர மனமில்லாமல் உள்ளே வைத்துவிட்டாள். கம்பளி மூட்டையாகத் தம்பி அவள் மடியில். மீன்காரம்மா மண்ணையும் உப்பையும் மிளகாயையும் வாங்கி, வலமும் இடமுமாகச் சுற்றி, அம்மாவை அதில் துப்பச் சொல்லி, தணலில் போட்டாள்.

உப்பு படபடவென்று வெடித்தது. பிறகு மிளகாய் பிடித்துக்கொண்டது. சாத்திய ஜன்னல், ஒருக்களித்த கதவு. நெடி எங்கே போகும்? மீன்காரம்மா முதலில் இருமினாள். அம்மா கண்ணைக் கசக்கினாள். நான் சுவரோரம் குந்தி மூச்சு முட்ட இருமினேன்.

"ஐய, நெடி தூக்குதே! கண்ணு இல்லம்மா இது! அவ கண்ணு இல்லவே இல்ல!" மீன்காரம்மா இருமலுக்கு நடுவே கத்தினாள்.

தம்பியும் இருமினான். பிறகு அவன் இருமல் நின்றது. கை கால் விறைத்தது. கண் மேலே செருகிக்கொண்டது. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது.

"சாவி குடு! கையில இரும்பு குடு!" என்று மீன்காரம்மா தேடினாள். அம்மா சாமி பேரைச் சொல்லவில்லை, நைனா பேரைச் சொல்லவில்லை. வாசலைப் பார்த்து, "அடியே! எங்கடி போன! ஓடியாடி!" என்று அலறினாள். யாரை என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

சித்தி ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டிருந்தாள். சட்டியைக் காலால் வாசலுக்குத் தள்ளினாள். துருப்பிடித்த ஜன்னல் கொக்கியைக் கட்டையால் அடித்துத் திறந்தாள். தம்பியை வாங்கிக் கம்பளியை உருவி எறிந்து, பாயில் ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். மீன்காரம்மா சாவியோடு வாயருகே போனபோது, "வாயில ஒண்ணும் வெக்காதீங்க, சும்மா இருங்க" என்று அதட்டினாள். அவள் அதட்டி நான் கேட்டது அது ஒரு தடவைதான். கடற்காற்று உள்ளே வந்து நெடியை வழித்துக்கொண்டு போனது. வெட்டல் மெல்ல மெல்ல நின்று, தம்பி ஒரு அழுகை அழுதான். அந்த அழுகைக்கு அம்மா தரையில் தலையை முட்டி எல்லையம்மனைக் கும்பிட்டாள்.

சித்தி ஈரத்துணியால் அவனைத் துடைத்துக்கொண்டே இருக்க, மீன் ஏற்றும் ஆட்டோவைக் கூப்பிட்டு எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஐஸ் தண்ணீர் ஒழுகும் பெட்டிகளுக்கு நடுவே நான். போகிற வழியெல்லாம் தம்பி சித்தி மடியில். அம்மா அவன் பாதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

டாக்டரம்மா பார்த்தார். மருந்து கொடுத்தார். "காய்ச்சல் ஏறும்போது சில குழந்தைங்களுக்கு இப்படி ஃபிட்ஸ் வரும். போர்த்தி மூடாதீங்க. தண்ணி, கஞ்சி எது இறங்குதோ குடுங்க. மறுபடி வந்தா உடனே தூக்கிட்டு வாங்க" என்று சித்தியைப் பார்த்தே சொன்னார். "ஒருக்களிச்சுப் படுக்க வெச்சீங்களே, ரொம்ப நல்லது. நீங்கதானே அம்மா?"

"இல்லீங்க. அவங்க" என்று சித்தி எழுந்து, தம்பியை அம்மா மடியில் வைத்தாள். அவன் வீறிட்டுக் கையை நீட்டினான். "தித்தி! தித்தி!" அம்மா அவனை விடவில்லை. நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். அவள் முகத்தை அப்போது பார்த்தேன். வெங்காயத்தை இடுக்கிக்கொண்டு வெயிலில் நின்றபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். அது இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், அம்மாவுக்கும் ஏதோ எரிகிறது என்பதுதான்.

சாயங்காலம் வீட்டில் ஜன்னல் திறந்தே இருந்தது. தம்பி வெறும் உடம்போடு பாயில் கிடந்தான். அம்மா கிண்ணத்தில் துணியை நனைத்தாள். பிழிந்தாள். மறுபடி நனைத்தாள். சித்தி வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை. போகவும் இல்லை.

அம்மா தலை நிமிராமல் கேட்டாள். "துணி சொட்டணுமா, இல்ல பிழிஞ்சிடணுமா?"

"சொட்டக் கூடாதுக்கா. ஈரம் இருந்தா போதும்."

"வந்து செஞ்சி காட்டேன். அங்கியே நின்னுகினு சொன்னா எனக்கு இன்னா தெரியும்?"

எங்கள் அம்மா வாழ்நாளில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டது அவ்வளவுதான். சித்தி படி தாண்டி வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் இரண்டு பக்கம், நடுவில் அவன். நானும் போய் அவன் கால்மாட்டில் படுத்துக்கொண்டு, "எனக்கும் சுடுது" என்றேன்.

"போடி அந்தாண்ட" என்றாள் அம்மா.

சித்தி என் நெற்றியில் அந்தத் துணியை ஒரு முறை வைத்து எடுத்தாள். "ஆமா, கொஞ்சம் சுடுது" என்றாள். பிறகு அது அவனுக்கே போய்விட்டது. அன்று ராத்திரி காய்ச்சல் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை அம்மனுக்குக் கூழ் ஊற்றினோம். முதல் சொம்பை அம்மா சித்தி கையில்தான் கொடுத்தாள்.

சுற்றிப் போடுவதை நான் இன்றும் விடவில்லை. என் பிள்ளைகளுக்குச் செய்தேன், செய்கிறேன். ஆனால் வாசலில் வைத்து, முச்சந்தி மண்ணைப் போட்டுச் செய்வேன். எந்த மனுஷியின் காலடியையும் தொடுவதில்லை. ஈரத்துணியும் ஆஸ்பத்திரியும் முதலில். சுற்றுவது அப்புறம். அம்மன் கோபித்துக்கொள்ளவில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்துச் சித்தி போய்ச் சேர்ந்தாள். மஞ்சள் காமாலை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். யார் கொள்ளி வைப்பது என்று பேச்சு வந்தபோது சித்தப்பா, "அவன்தான் அவ புள்ள. அவன் வெக்கட்டும்" என்றார். மீசை அரும்பிய தம்பி மொட்டை அடித்துக்கொண்டு சட்டி தூக்கினான். அந்தக் காய்ச்சலைப் பற்றி அவனுக்கு ஒரு சொல்லும் நினைவில்லை. ஊரே அவனைப் பார்த்து, "தித்தி தித்தின்னு கெடந்த புள்ள" என்று அழுதது. பெண்பிள்ளை நான் வாசலோடு நின்றேன். சுடுகாட்டுக்குப் போகிற பேறும் அவனுக்குத்தான்.

எல்லோரும் போன பிறகு தண்ணீர் தெளிக்கப் பின்பக்கம் போனேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், முன்பு சேறாக இருந்து காய்ந்த மண்ணில், ஒரு காலடி இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் அவள் எப்போதோ துணி அலச வந்து நின்ற தடம். இடது கால். இரண்டாவது விரலுக்குக் கீழே மெட்டிப் பள்ளம்.

வீட்டைக் கழுவி விடச் சொல்லி உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். கழுவினால் அதுவும் போய்விடும். நான் குனிந்து, ஓரம் உதிராமல் அதைப் பெயர்த்து, முந்தானையில் முடிந்துகொண்டேன்.

அது இப்போது என் சாமி மாடத்தில், விபூதிச் சம்புடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன டப்பியில் உதிர்ந்த மண்ணாக இருக்கிறது. தம்பி வரும்போதெல்லாம் அந்த மாடத்தின் முன்னால் நின்று கும்பிட்டு விபூதி பூசிக்கொண்டு போவான். டப்பியில் என்ன என்று ஒரு முறை கேட்டான்.

"ஒண்ணும் இல்ல" என்றேன்.